காலிக் கோட்டை: மதிலைச் சுற்றி நடக்கப் போகிறவர்களுக்கு

இலங்கையின் தென்கரையில் இருக்கும் காலி நகருக்குப் போய்வந்தவர்களிடம் கோட்டையில் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெளிச்சவீடு, ஐஸ்கிறீம், சூரிய அஸ்தமனம் என்று மூன்றோடு முடித்துவிடுவார்கள். குற்றமில்லை, மூன்றும் நல்லவைதான். ஆனால் அது ஒரு கடற்கரைக்குப் போனாலே கிடைக்கும். கோட்டையைக் கோட்டையாகப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டும்: மூன்று பக்கம் கடல் சூழ்ந்த இந்தக் கோட்டை, கடலைவிட நிலத்துக்குத்தான் அதிகம் பயந்து கட்டப்பட்டது. மதில் எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று கவனித்துக்கொண்டே ஒரு சுற்று வந்தால் மீதியெல்லாம் தானாக விளங்கும்.

போய்ச் சேரும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கொழும்பு கோட்டை நிலையத்திலிருந்து காலிக்கு 116 கிலோமீற்றர் அளவில். கரையோர ரயில் இரண்டரை முதல் மூன்று மணிநேரம் எடுக்கும். போகும்போது வலப்பக்க ஜன்னலில் இருந்தால் கடல் பக்கம். காலி நிலையத்தில் தண்டவாளம் முட்டுச் சந்துபோல முடிகிறது. மாத்தறைக்குத் தொடரும் ரயில் அங்கே எஞ்சினை மறுமுனைக்கு மாற்றிக்கொண்டு, வந்த திசைக்கே திரும்பிப் புறப்படும். காலிக்குப் பிறகும் பயணம் தொடர்கிறவர்கள் பெட்டி பின்னோக்கி ஓடுவதைக் கண்டு பதறவேண்டாம். அவசரக்காரர்களுக்கு அதிவேகப் பாதை பஸ் இருக்கிறது. கொழும்புக்கு வெளியே இருக்கும் மாக்கும்புரை பஸ் நிலையத்திலிருந்து ஏறினால் நேரம் பாதியாகும், கடல் மட்டும் கண்ணில் படாது. பஸ் நிலையம், ரயில் நிலையம் இரண்டிலிருந்தும் கோட்டை வாசல் நடைதூரம்தான். ஓட்டோக்காரர்கள் தூரம் என்பார்கள். தலையை நிமிர்த்தினால் மணிக்கூட்டுக் கோபுரம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டே நடக்கலாம்.

நடக்கும் வழியிலேயே முதல் பாடம் இருக்கிறது. நகரத்துக்கும் மதிலுக்கும் நடுவே கிரிக்கெட் மைதானம். கோட்டை மதிலுக்கு முன்னால் வீடும் மரமும் இல்லாமல் வெட்டவெளியாக நிலம் விடுவது பீரங்கிக் காலத்து வழக்கம். வருகிறவன் ஒளிந்துகொள்ள மறைப்பு இருக்கக்கூடாது. அப்படிக் கிடந்த வெளி 19ஆம் நூற்றாண்டில் குதிரைப் பந்தயத் திடலாகி, பிறகு கிரிக்கெட் மைதானமானது. 1998இல் முதல் டெஸ்ட் போட்டி நடக்கும்வரை அதற்கு எஸ்பிளனேட் என்றுதான் பெயர். 2010 ஜூலை 22ஆம் திகதி முத்தையா முரளிதரன் தன் 800ஆவது டெஸ்ட் விக்கெட்டை எடுத்தது இங்கேதான். பீரங்கிக்காரன் குறிபார்த்த அதே கொத்தளத்தில், அதாவது மதிலிலிருந்து வெளியே நீண்ட காவல்மேட்டில் இருந்து இன்றைக்கு ஆட்கள் டிக்கெட் இல்லாமல் டெஸ்ட் பார்க்கிறார்கள். போட்டி நாளில் போனால் அந்த மதில்மேட்டில் கால் வைக்க இடம் இராது, அதையும் கணக்கில் எடுங்கள்.

இப்போது பிரதான வாசல். இது ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) வைத்ததல்ல. 1873இல் ஆங்கிலேயர் மதிலைக் குடைந்து திறந்தது. அதனால்தான் இதைப் பொறுமையாகக் கடக்கச் சொல்கிறேன். ஓட்டோவும் காரும் ஹோர்ன் அடித்துக்கொண்டு போகும் குகைபோன்ற வழியில் ஓரமாக நின்று, இருபுறச் சுவரின் நீளத்தைக் காலடியால் அளந்து பாருங்கள். நீங்கள் அளப்பது மதிலின் தடிப்பு. வெறும் கற்சுவர் இவ்வளவு தடிப்பாக இருக்கத் தேவையில்லை. வெளியே ஒரு கற்சுவர், உள்ளே ஒரு கற்சுவர், நடுவே மண் நிரப்பு. பீரங்கிக் குண்டு கல்லில் பட்டால் கல் சிதறும், மண்ணில் பட்டால் புதைந்து போகும். அதனால்தான் மதிலின் மேல் நடக்கும்போது காலுக்குக் கீழே புல் இருக்கிறது.

வாசலின் இருபுறமும் மேலே ஏறினால் நிலம் பார்த்த மூன்று கொத்தளங்கள் வரிசையாக நிற்கும்: மேற்கே ஸ்டார், நடுவில் மூன், கிழக்கே துறைமுகப் பக்கம் சன். நட்சத்திரம், சந்திரன், சூரியன். போர்த்துக்கேயர் இந்தப் பக்கத்தில் மதிலும் அகழியும் வைத்திருந்தார்கள். 1640 மார்ச் 13ஆம் திகதி வில்லெம் கோஸ்டரின் தலைமையில் ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனோடு செய்துகொண்ட கூட்டின் பலன் அது. அதே ஆண்டு கோஸ்டர் கண்டியிலிருந்து திரும்பும் வழியில் கொல்லப்பட்டார். கூட்டு எவ்வளவு உறுதியாக இருந்தது என்பதை அதிலிருந்தே ஊகிக்கலாம். தீவுக்குள் இருந்து எப்போது படை வரும் என்று தெரியாத நிலைமையில் ஒல்லாந்தர் 1667இல் இந்த நிலப்பக்கத்தைப் பெருப்பித்து மூன்று கொத்தளங்களாகப் பிரித்தார்கள்.

மூன் கொத்தளத்தில் 1883இல் எழுந்த மணிக்கூட்டுக் கோபுரத்தின் அடியில் நின்று படம் எடுக்காதவர் இல்லை. எடுத்து முடித்ததும் பத்தடி தள்ளி விளிம்புப் பக்கம் போய், இடமும் வலமும் பாருங்கள். கொத்தளம் மதிலிலிருந்து முக்கோண மூக்குப்போல வெளியே நீண்டிருக்கிறது. ஏன்? நேர்மதிலில் நிற்கிறவனுக்குத் தன் காலடியில் மதிலை ஒட்டி நிற்கும் எதிரியைக் காணமுடியாது. மூக்கு நீண்டிருந்தால் அதன் பக்கவாட்டிலிருந்து பக்கத்து மதிலின் அடி முழுவதையும் சுடலாம். சன் கொத்தளம் மூனின் முகத்தைக் காக்கிறது, மூன் சன்னைக் காக்கிறது. ஒன்றின் முதுகை மற்றது சொறிந்துகொடுக்கும் ஏற்பாடு. இந்தக் கோணத்தை இங்கே ஒருமுறை விளங்கிக்கொண்டால் மொத்தம் உள்ள 14 கொத்தளங்களையும் கண்ணே கண்டுபிடித்துவிடும்.

விளிம்புப் பக்கம் போங்கள் என்று சொன்னேன், விளிம்புக்குப் போகச் சொல்லவில்லை. பெரும்பாலான இடங்களில் கைபிடிச் சுவர் கிடையாது. மழை பெய்த புல் சவர்க்காரம் போல வழுக்கும். செல்ஃபிக்காகப் பின்னால் அடியெடுத்து வைத்து விழுகிறவர்கள்தான் இங்கே அதிகம். சிறுபிள்ளைகளைக் கூட்டிவந்தால் மதில்மேல் ஓடவிடாதீர்கள்.

சுற்றை வலஞ்சுழியாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போய், தெற்கே திரும்பி, மேற்குப் பக்கத்தில் மாலையோடு முடிப்பது. கோயிலைச் சுற்றுகிற திசைதான், மறக்காது. நின்று நின்று பார்த்தாலும் ஒன்றரை மணிநேரத்தில் முடியும். முழுச் சுற்றில் பழைய வாசலுக்கும் ஒரோரா கொத்தளத்துக்கும் இடையில் மட்டும் மதிலைவிட்டுத் தெருவுக்கு இறங்கவேண்டிவரும். அதை ஒரு தடையாக நினைக்க வேண்டாம், அந்தத் துண்டில்தான் கோட்டையின் மிகச் சிறந்த கல் இருக்கிறது.

பழைய வாசலைச் சொல்கிறேன். பெரிய பண்டகசாலையின் அடியால் துறைமுகத்துக்குப் போகும் வழி அது. 1873 வரைக்கும் சரக்கும் ஆட்களும் உள்ளே வந்த வாசல். வெளிப்பக்கம் தலைக்கு மேலே ஆங்கிலேயரின் அரச சின்னம். பலர் அதைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுகிறார்கள். உள்ளே நுழைந்து, திரும்பி, வந்த பக்கத்தைப் பாருங்கள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் சின்னம் கல்லில் இருக்கிறது: பெரிய வி எழுத்தின் இரண்டு கால்களிலும் ஓ, சி எழுத்துகள் தொங்குகின்றன. இருபுறமும் சிங்கம். உச்சியில் ஒரு சேவல். 1669 என்ற ஆண்டு. சிங்கம் ஐரோப்பாவில் எல்லாக் கதவிலும் நிற்கும், சேவலுக்கு இங்கே என்ன வேலை? போர்த்துக்கேயருக்குச் சேவல் என்றால் 'காலோ'. ஊர்ப்பெயர் காதில் அப்படி விழுந்ததால் சேவல் காலியின் அடையாளமாக ஒட்டிக்கொண்டது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். ஒரு சிலேடையைக் கல்லில் வெட்டி வாசலில் வைத்திருக்கிறார்கள்! முற்பகலிலோ பிற்பகலிலோ சாய்வெளிச்சம் வரும் நேரத்தில் பார்த்தால் இறகு வரைக்கும் தெரியும், உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும்.

அதே பண்டகசாலைக் கட்டடத்தில் கடல்சார் அருங்காட்சியகம் இருக்கிறது. மதிலில் நடக்கக் கட்டணம் இல்லை, இதற்கு உண்டு. அரைமணிநேரம் போதும். தேடிப்பார்க்க வேண்டியது 'அவொண்ட்ஸ்டர்' என்ற ஒல்லாந்தக் கப்பலின் பொருட்களை. 1659 ஜூலை 2ஆம் திகதி இரவு, காலித் துறையில் பாக்கு ஏற்றிக்கொண்டு நின்ற கப்பல் நங்கூரம் இழுபட்டு மோதி மூழ்கியது. கரையிலிருந்து கூப்பிடுதூரம், ஆழமும் கிடையாது. 1990களில் கண்டுபிடித்து, 2001க்குப் பிறகு முறையாக அகழ்ந்தார்கள். கறுவாவும் யானையும் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். வெற்றிலை போடும் தென்னிந்தியா பக்கத்தில் இருக்கும்போது பாக்கு எவ்வளவு பெரிய வியாபாரம் என்பதை ஒல்லாந்தன் நன்றாக அறிந்திருந்தான்.

வாசலைத் தாண்டினால் ஸ்வார்ட் கொத்தளம், கறுப்புக் கோட்டை. கொத்தளங்களில் இதுதான் பழையது, போர்த்துக்கேயர் காலத்தது என்று கருதப்படுகிறது. அடுத்தது அக்கர்ஸ்லூட். கோஸ்டர் பிறந்த ஊரின் பெயர்.

இந்தப் பக்கத்தில் எங்காவது சாந்து உரிந்த ஓரிடத்தில் நின்று மதிலின் கல்லை முகத்தை ஒட்டிவைத்துப் பாருங்கள். கருங்கல்லுக்கு நடுவே வெளிறிய, இலேசான கற்கள் இருக்கும். அவை முருகைக்கல், அதாவது பவளப்பாறைக் கல். சிலவற்றில் தேன்கூடுபோல நெருக்கமான துளை, சிலவற்றில் மூளைபோல நெளிந்த கோடு. எல்லாம் ஒருகாலத்தில் கடலடியில் உயிரோடு வளர்ந்தவை. முருகைக்கல் வெட்டச் சுகம், பாரம் குறைவு, கரையிலேயே கிடைக்கும். அதையே சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. ஆக, கல்லும் சாந்தும் ஒரே இடத்துச் சரக்கு. ஐரோப்பிய வரைபடத்தை இந்த ஊர்க் கல்லிலும் இந்த ஊர்க் கைகளாலும் கட்டியதுதான் கோட்டையின் சிறப்பு என்று 1988இல் யுனெஸ்கோ இதை உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது சொன்னது. கட்டடத்தின் அளவுமுறைகூட உள்ளூர் அளவுகளுக்கு ஒத்துப்போகிறது என்பது அவர்கள் கவனித்த இன்னொன்று.

பழுதுபார்த்த இடங்களில் இந்தக் கல் படும் பாட்டையும் அங்கேயே காணலாம். முருகைக்கல்லும் சுண்ணாம்பும் மூச்சு விடுகிறவை. கடற்காற்றின் உப்பு ஈரத்தோடு உள்ளே போகும், வெயிலில் ஈரம் வெளியேறும்போது உப்பும் மேற்பரப்புக்கு வந்து பூத்து உதிரும். மேலே சீமெந்து பூசிவிட்டால் ஈரம் வெளிவர வழியில்லை. உப்பு சீமெந்துக்குப் பின்னால் பளிங்காகத் திரண்டு, பருத்து, பூச்சைத் தட்டாகத் தள்ளிவிடும், போகும்போது பழைய கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு போகும். பலமான சாமான் பலவீனமானதைக் கொல்லும் கதை. சாம்பல் நிறப் பூச்சு வெடித்து நிற்கும் இடங்களில் விரலால் தட்டிப் பார்த்தால் பொள்ளல் சத்தம் கேட்கும். தட்டினால் போதும், பிடுங்கிப் பார்க்க வேண்டாம்.

தெருக்களுக்குள் நுழைந்தால் பெயர்ப்பலகைகளைப் படியுங்கள். லெய்ன் பான் தெரு என்பது கயிறு திரிக்கும் தடம். கப்பல் கயிற்றை நீளமாக இழுத்து முறுக்க நேரான நீண்ட நிலம் வேண்டும், அது பின்னாளில் தெருவாயிற்று. பெட்லர் தெரு சோனக நடைவியாபாரிகளின் தெரு. அந்தச் சோனகர்களின் வழிவந்தவர்களும் அவர்களைப் போன்ற முஸ்லிம் குடும்பங்களும் இன்றும் கோட்டைக்குள் வாழ்கிறார்கள், வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். சிங்களம் தெரியாத தமிழர்கள் ஆங்கிலத்தில் தடுமாறத் தேவையில்லை, கடையில் தமிழில் வழி கேளுங்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் மட்டும் ஜும்ஆவுக்காகப் பல கடைகள் சாத்தியிருக்கும்.

வீடுகளின் தெருப்பக்கத்தில் தூண் நிறுத்திய விறாந்தை, பின்னால் முற்றம். தெருவோரம் நிழலுக்கு நட்டிருந்த மரத்தைச் சிங்களத்தில் சூரிய என்பார்கள், நமக்குப் பூவரசு. நல்ல பழைய விறாந்தைகளில் பாதி இப்போது கோப்பிக் கடையும் நகைக் கடையும். கடைக்காரர்கள்மீது எனக்குக் கோபமில்லை, கூரையைச் சரிபார்க்கப் பணம் வேண்டும். ஆனால் விலைகள் வெளிநாட்டுக்காரனின் பணப்பையைப் பார்த்து எழுதியவை. வயிறார மலிவாகச் சாப்பிட வேண்டுமென்றால் வாசலுக்கு வெளியே, பஸ் நிலையத்துப் பக்கம் போய்ச் சோறு சாப்பிட்டுவிட்டு உள்ளே வாருங்கள்.

1755இல் முடிந்த ஒல்லாந்தர் தேவாலயத்துக்குள் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். நடுவே தூண் இல்லாத சிலுவைவடிவ மண்டபம். தரை முழுக்கக் கல்லறைக் கற்கள், மிகப் பழையது 1662. நடந்துபோவதே இறந்தவர்களின் பெயர்களின் மேல்தான். சில கற்களில் மண்டையோடு செதுக்கியிருக்கும். கற்கள் தேய்ந்தவை, ஈரக் காலோடு போனால் வழுக்கும்.

தரைக்கு மேலே இருப்பதைவிடக் கீழே இருப்பது எனக்கு அதிசயம். ஒல்லாந்தர் தெருக்களுக்கு அடியில் கழிவுவாய்க்கால் வலையொன்று கட்டி, கடல்நீரை விட்டு அதைக் கழுவினார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. காலியில் கடலின் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையில் பெரிய வித்தியாசம் இல்லை, நல்ல பெருக்கு நாளிலும் ஏறக்குறைய அரை மீற்றர்தான். வட ஐரோப்பியத் துறைமுகங்களில் போல ஆளுயரத்துக்கு ஏறி இறங்கும் கடலாக இருந்தால் பெருக்கே எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போயிருக்கும். அந்த வசதி இல்லாத இடத்தில் கடல்நீரைத் தூக்கிவிட ட்ரைட்டன் கொத்தளத்தில் ஒரு காற்றாலை வைத்தார்கள். தென்மேற்குக் காற்று நேராக வந்து மோதும் மூலை அது, காற்றாலைக்கு அதைவிட நல்ல இடம் கோட்டையில் இல்லை. அதே நீரை வண்டியில் எடுத்துத் தெருப் புழுதிக்கும் தெளித்தார்கள். ட்ரைட்டனில் இன்றைக்குக் காற்றாலை இல்லை. ஆனால் மே மாதத்தில் அங்கே நின்றால் ஏன் அங்கே வைத்தார்கள் என்று தொப்பி பறக்கும்போதே விளங்கிவிடும்.

ஒரோராவில் மறுபடி மதிலேறி நடந்தால் தென்கிழக்கு மூலையில் பொயின்ற் உட்ரெக்ட் கொத்தளம், பக்கத்தில் வெடிமருந்துக் கிடங்கு, வெள்ளை வெளிச்சவீடு. 1848இல் கட்டிய முதல் வெளிச்சவீடு தீயில் போனபின் 1939இல் இதைக் கட்டினார்கள். மேலே ஏறவிட மாட்டார்கள், கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். தென்னைகளோடு சேர்த்து எடுக்கும் அந்தப் பிரபலமான படம் வேண்டுமானால் ஒரோராப் பக்கத்திலிருந்து, காலை வெளிச்சத்தில். மாலையில் அதே கோணத்தில் வெளிச்சம் எதிரே இருந்து வரும்.

எதிரே இரட்டைக் கோபுரத்தோடு கிறிஸ்தவத் தேவாலயம் மாதிரி நிற்பது மீரான் ஜும்ஆப் பள்ளிவாசல். தலைவாசலில் பிறையைப் பார்க்கும்வரை பலர் ஏமாந்துதான் போகிறார்கள். தொழுகை நேரம் தவிர்த்து, தோளும் முழங்காலும் மூடிய உடுப்போடு போய், வாசலில் இருப்பவரிடம் கேட்டுவிட்டு நுழையுங்கள்.

இங்கிருந்து மதிலைக் கவனியுங்கள். நிலப்பக்கத்தில் பார்த்த பருமன் இங்கே இல்லை. அதன் காரணம் மதிலுக்கு வெளியே, நுரைக்குள் தெரிகிறது: பாறை. தெற்குக் கரை முழுவதும் நீருக்குள்ளும் மேலும் பாறைகள். ஒரு போர்க்கப்பல் இதை நெருங்கிவந்து நின்று சுடத் துணியாது. பாறையே பாதி மதில். சொந்தக் கப்பலும் அதே பாறையில் மோதும் என்பதுதான் தலையிடி. அதற்காகவே ஃபிளாக் ரொக் என்னும் தென்முனைக் கொத்தளத்திலிருந்து கொடி காட்டி எச்சரித்தார்கள். அருகில் இருந்த புறாத்தீவிலிருந்து துப்பாக்கி வெடியும் வைத்தார்கள்.

அந்த முனையிலிருந்துதான் இளைஞர்கள் காசு வாங்கிக்கொண்டு கடலுக்குள் பாய்கிறார்கள். பாறைகளுக்கு நடுவில் எந்த இடத்தில், எந்த அலையில் விழவேண்டும் என்பது அவர்களுக்குச் சிறுவயதிலிருந்து தெரியும். அலை ஏறும்போது இருக்கும் ஆழம் இறங்கும்போது இருக்காது. நீந்தத் தெரியும் என்ற தைரியத்தில் அவர்களைப் பார்த்துப் பாயாதீர்கள். காசு கொடுத்துப் பாயச் சொல்வதும் எனக்குப் பிடிக்காத காரியம்.

அதன்பிறகு ட்ரைட்டன், நெப்டியூன், கிளிப்பன்பர்க், ஏயோலஸ் என்று மேற்கு மதில். ஆண்டு முழுவதும் சூரியன் ஏறக்குறைய ஆறு மணிக்கும் ஆறரைக்கும் இடையில் மறையும். ஐந்தரைக்கு நெப்டியூனில் இருந்தால் அவசரமில்லை. கூட்டம் ஃபிளாக் ரொக்கில் குவியும், நூறு இருநூறு மீற்றர் தள்ளி வந்தால் புல்வெளியில் குடும்பங்கள் பட்டம் விட்டுக்கொண்டிருக்கும். இந்தப் பக்கத்தில் மதிலுக்கு வெளியே ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கஸ்தலம் இருக்கிறது. அதன் கீழே நன்னீர் ஊற்று இருந்ததாகச் சொல்வார்கள். ஸ்டாரை அடையும்போது இருட்டு விழும். அதற்குப் பிறகு மதில்மேல் நடக்கவேண்டாம், தெருவுக்கு இறங்கிவிடுங்கள்.

நேரக் கணக்கில்தான் பலர் பிழைவிடுகிறார்கள். கொழும்பிலிருந்து காலை ரயிலில் வருகிறவர்கள் பத்து மணிபோல இறங்கி நேராக மதிலேறுகிறார்கள். மதிலில் ஒரு இலை நிழல் கிடையாது, பன்னிரண்டுக்குள் தலைவலியோடு ஏதாவதொரு குளிரூட்டிய கடைக்குள் ஒதுங்கி, கோட்டை இவ்வளவுதானா என்று திரும்பிவிடுகிறார்கள். திருப்பிச் செய்யுங்கள். முற்பகலில் பழைய வாசல், அருங்காட்சியகம், தேவாலயம், தெருக்கள். மதியம் சாப்பாடு. நான்கு மணிக்கு மதில். ஒருவருக்கு ஒரு லீற்றர் தண்ணீர், தொப்பி, தட்டையான அடியுள்ள செருப்பு அல்லது சப்பாத்து. இரவு தங்குகிறவர்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு: காலை ஆறரை மணிக்குக் கோட்டை உள்ளூராருடையது. நடைபயிற்சிக்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் மட்டுமே.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை கடல் அமைதி. மே தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம், தெற்கு மதிலில் அலை அடிக்கும் அழகு அப்போதுதான், ஆனால் மழைக்குத் தயாராகப் போகவேண்டும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை வரும். வெட்டவெளி மதில்மேட்டில் இடி இடிக்கும்போது நிற்பது மடத்தனம், அந்த மாதங்களில் மட்டும் மதிலைக் காலையில் முடியுங்கள். போயா தினங்களிலும் (பௌர்ணமி விடுமுறை) வார இறுதியிலும் உள்ளூர்க் கூட்டம் நிரம்பும். டிரோன் பறக்கவிட அனுமதி தேவை, இல்லாமல் எடுத்தால் பறிபோகும்.

மதில் உண்மையில் யாரைத் தடுத்தது என்று கேட்டால் விடை வேடிக்கையாக இருக்கும். நிலப்பக்கத்தில் அவ்வளவு பாடுபட்டும், 1796இல் கொழும்பு சரணடைந்ததும் பெப்ரவரி 23ஆம் திகதி காலி சண்டையின்றி ஆங்கிலேயர் கைக்குப் போனது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. வெளியே பஸ் நிலையமும் மைதானமும் அழிந்தன, மதிலுக்கு உள்ளே ஊர் பெரும் சேதமின்றித் தப்பியது. நிலத்துக்குப் பயந்து கட்டியது கடலை நிறுத்தியது. மதில் இவ்வளவு நாள் மிஞ்சியதுகூடத் தொழில் நொடித்ததால்தான். நீராவிக் கப்பல்கள் நிற்கும் முதன்மைத் துறைமுகமாக இருந்த காலி, 1875இல் கொழும்பில் அலைதாங்கிக்கு அடிக்கல் நாட்டியபின் தேய்ந்தது. இடித்துப் பெருப்பிக்கத் தேவை வரவில்லை. கொழும்பில் அதற்கு முன்பே மதிலை இடித்துவிட்டார்கள். 'கோட்டை' என்ற பெயரில் ரயில் நிலையம் மட்டும் இருக்கிறது, கோட்டை காலியில் இருக்கிறது.

தமிழ் வாசிப்பவர்களுக்குக் காலி சுற்றுலா கொழும்பில்தான் முடியவேண்டும். 1911இல் காலி நகரில் கிறிப்ஸ் வீதித் திருப்பத்தில் ஒரு மதகை மூடியிருந்த பலகைக்கல்லை ஒரு பொறியியலாளர் கவனித்தார். எழுத்துள்ள பக்கம் கீழே பார்த்துக் கிடந்தது. புரட்டினால் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீனக் கடற்படைத் தலைவர் ஷெங் ஹே கொண்டுவந்த, 1409 எனத் திகதியிட்ட கல்வெட்டு. சீனப் பகுதி புத்தருக்கும், பாரசீகப் பகுதி அல்லாஹ்வுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயினாருக்கும் காணிக்கை சொல்கிறது. தேனாவரை என்பது காலிக்குக் கிழக்கே இருக்கும் தேவேந்திரமுனை. அங்கே இருந்த நாயினார் கோயிலைப் போர்த்துக்கேயர் 1588இல் அழித்தார்கள். மூன்று தெய்வத்துக்கும் கொடுத்த பட்டியல் கிட்டத்தட்ட ஒன்றே: பொன் ஆயிரம், வெள்ளி ஐயாயிரம், பட்டு, வாசனை எண்ணெய் என்று போகிறது. ஒருவருக்கும் குறைவைக்காத கணக்கு.

கல் இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில். ஏறக்குறைய ஐந்தடி உயரம், தலைப்பில் எதிரெதிராக இரண்டு சீன டிராகன்கள். வலப்பக்கம் முழுவதும் மேலிருந்து கீழாக ஓடுவது சீனம். இடப்பக்கம் மேற்பாதி தமிழ், கீழ்ப்பாதி பாரசீகம். நேர் எதிரே நின்றால் எழுத்து தெரியாது. இடப்பக்கமாக ஒதுங்கி, வெளிச்சம் கல்லின்மேல் சரிந்து விழும் கோணத்தைத் தேடி, கொஞ்சம் குனிந்து பாருங்கள்.